இரண்டு வீட்டுத் துரைத் தொப்பி

என் தலைக்கு இதுவரை எந்தத் தொப்பியும் பொருந்தியதில்லை. வாழ்நாளெல்லாம் ஐரோப்பியத் தொப்பிகளோடு குடித்தனம் நடத்தியவன் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெரிய தொப்பி என்றால் காதில் வந்து உட்காரும். சிறியது என்றால் குடத்தின் மேல் வைத்த தேங்காய் மாதிரி நிற்கும். என் மனைவி சரோஜா இரண்டையும் பார்த்துவிட்டாள். "உனக்கு எதுக்கு இந்த வேஷம், தலைய மூடிகினு சும்மா கெட" என்பது அவள் தீர்ப்பு.

ரோமத்தை அழுத்திச் செய்த பழைய ஃபெல்ட் தொப்பி சேகரிக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். அங்கே என்னை 'சார்' என்கிறார்கள். நான் குடியிருக்கும் காலடிப்பேட்டையில் என்னை யாரும் சார் என்றதில்லை. 'தொப்பி மாமு' என்றால்தான் தெரியும். சமீபத்தில் குழுவில் ஒருவர், போனில் படம் எடுத்துப் போட்டால் தொப்பி எந்தக் காலத்தது என்று சொல்லிவிடும் செயலி ஒன்றைக் கொண்டுவந்தார். என் வீட்டு ஆணியில் தொங்கிய ஒன்றைப் படம் எடுத்துப் போட்டேன். 'பிறந்தநாள் விழாவுக்கு ஏற்றது' என்று பதில் வந்தது. எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, "சார், நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க, எழுதுங்களேன்" என்றார்கள். எழுதுகிறேன். படித்து முடித்ததும் அந்தச் செயலியே தேவலாம் என்று தோன்றினால் நான் பொறுப்பல்ல.

வெளிநாட்டில் உடுத்திக் கழித்த துணிகள் மூட்டை மூட்டையாகத் துறைமுகத்தில் வந்து இறங்கும். அவற்றைப் பிரித்துத் தரம் பார்த்து விற்கும் கிடங்கு ஒன்று திருவொற்றியூரில் இருந்தது. அங்கேதான் எனக்கு வேலை. முதலில் கோட்டுப் பக்கம் உட்கார வைத்தார்கள், தும்மினேன். கம்பளிச் சட்டைப் பக்கம் மாற்றினார்கள், உடம்பெல்லாம் சொறிந்தேன். கால்சட்டைப் பக்கம் போட்டார்கள். பாக்கெட்டில் கைவிட்டுப் பார்த்தே பொழுதைப் போக்கினேன். கடைசியில் யாரும் சீந்தாமல் மூலையில் நசுங்கிக் கிடந்த தொப்பிக் குவியலுக்குத் துரத்தினார்கள். நான் நிபுணன் ஆன வரலாறு இவ்வளவுதான்.

கிடங்கின் முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. வெள்ளை வேட்டி, கல்லா மேசையில் எந்நேரமும் ஊதுவத்தி. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தப்புச் செய்தவனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுப்பார். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருக்கும்.

முதல் நாள் நான் ஒரு தொப்பியை உச்சியைக் கிள்ளித் தூக்கிக்கொண்டு போனேன். அண்ணாச்சி டீ சொல்லிவிட்டார்.

"ஏலே ஏகாம்பரம், உன் பிள்ளையக் கழுத்தப் புடிச்சா தூக்குவ? ரெண்டு கையாலயும் விளிம்பப் புடி. ஆங். இப்ப கவுத்துப் போட்டு உள்ள பாரு. வாங்குதவன் வெளிய பாப்பான். விக்கிதவன் உள்ள பாக்கணும்."

பிறகு அவர் முறையைக் காட்டினார். முதலில் மூக்கு. முகம் முழுக்கத் தொப்பிக்குள் புதைந்துவிடும்; கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக ஒரு மூச்சு. அந்துருண்டையா, சுருட்டா, தலைக்குப் போடும் வாசனைப் பசையா என்று மூக்கே சொல்லிவிடும். அடுத்தது விரல். நெற்றி வியர்வை ஃபெல்ட்டில் படாமல் இருக்க உள்ளே சுற்றிலும் ஒரு தோல் பட்டை தைத்திருப்பார்கள். அதன் பின்பக்கம் சேருமிடத்தில் சின்ன ரிப்பன் முடிச்சு இருக்கிறதா, தோல் வளைகிறதா, அப்பளம் மாதிரி நொறுங்குகிறதா என்று தடவிப் பார்ப்பார். பட்டையைப் புரட்டினால் அளவு அச்சிட்ட துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். அதற்குப் பிறகுதான் கண். பட்டு உறையில் கடையின் முத்திரை; அதன் மேல் எண்ணெய் படாமல் காக்கக் கண்ணாடித் தாள் வைத்திருந்தால் அவ்வளவு ஆதி காலத்தது அல்ல. ஜெர்மன் கடை என்றால் ஊர்ப் பெயருக்கு முன்னால் உள்ள அஞ்சல் எண்ணில் எத்தனை இலக்கம் என்று பார்க்க வேண்டும். இலக்கம் கூடக் கூட வயது குறையும்.

கடைசியாக விளக்கு. கல்லாவில் கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருந்த ஊதா விளக்கைத் தையல் மேல் காட்டுவார். பழங்காலத்துப் பருத்தி நூல் செத்த மாதிரி கிடக்கும். பிற்காலத்து நூல் வெள்ளையும் நீலமுமாக மின்னும். தொப்பிக்கும் நோட்டுக்கும் ஒரே பரீட்சை வைத்தவர் எனக்குத் தெரிந்து அண்ணாச்சி ஒருவர்தான்.

கொஞ்ச வருடத்தில் எனக்குத் தலை கனத்துவிட்டது. கழித்துப்போடும் தொப்பிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆரம்பித்தேன். சரோஜா ஒன்றில் பூண்டு போட்டாள், ஒன்றில் துணிக் கிளிப்புகளைப் போட்டாள். இது போதாதென்று ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பேப்பர் கடைகளையும் துழாவினேன். அப்படி ஒரு நாள், எங்கள் தெருமுனைக் கடையிலேயே கிடைத்தது அந்தப் பொக்கிஷம். பழுப்பேறிய ஃபெல்ட், விறைத்துப்போன தோல் பட்டை, ரிப்பனெல்லாம் உப்புப் பூத்திருந்தது. பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு மறுநாள் அண்ணாச்சி முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"அண்ணாச்சி, இது நம்ம தாத்தா காலத்துது. அடிச்சுச் சொல்றேன்."

அண்ணாச்சி வாங்கி மோந்து பார்த்தார். விளிம்பைத் தடவினார். பிறகு, "ரெண்டு டீ" என்று வாசலைப் பார்த்துச் சொன்னார்.

"விளிம்புல ஒரு ஓட்டை இருக்குல்லா? அது என் ஊதுவத்தி பொசுக்குனது. அதனாலதான விக்க முடியாம போன தீவாளிக்கு உனக்கு இனாமாக் குடுத்தேன்."

நடந்தது இதுதான். நான் அதைக் கடல் பக்கத்து ஜன்னலில் மாட்டிவிட்டு மறந்துபோனேன். சரோஜா பொங்கலுக்கு வீட்டைக் கழுவும்போது பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டாள். என் தொப்பியை நானே காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன். எங்கள் பக்கத்து உப்புக் காற்றும் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலும் ஒரு வருடத்துக்குள்ளேயே அதற்குத் தாத்தா வேஷம் கட்டிவிட்டன. இந்தக் காற்று பொய் சொல்லும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இனி என் கை பட்ட தொப்பியிடம் நானே ஏமாறக் கூடாது என்று முடிவு கட்டினேன். என் தாய்மாமன் வீடு காத்திவாக்கம் மீனவர் குப்பம். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே எனக்கு வலை முடிச்சு வந்துவிட்டது. அன்றிலிருந்து நான் பார்த்து, தேறும் என்று எடுத்து வைக்கும் ஒவ்வொரு தொப்பியிலும், தோல் பட்டைக்கு அடியில், பச்சை நைலான் வலை நூலால் ஒரு முடிச்சுப் போட்டேன். ஓவியர்கள் கையெழுத்துப் போடுவதில்லையா, அந்த நினைப்பு எனக்கு. அண்ணாச்சி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, டீயும் சொல்லவில்லை.

இனி, தலைப்பில் சொன்ன இரண்டு வீட்டுத் தொப்பி வழக்குக்கு வருகிறேன். நான் வேலையை விடுவதற்குச் சற்று முன்னால், காத்திவாக்கத்திலிருந்து தேசம்மா கிடங்குக்கு வந்தாள். வலை பின்னுகிறவள், எனக்குத் தங்கை முறை. புருஷன் ஆறுமுகம் செத்து வருடம் திரும்பியிருந்தது.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஆறுமுகத்தின் பாட்டனார் காலத்தில் கப்பலிலிருந்து கடலில் விழுந்த துரை ஒருவனைக் கட்டுமரத்தில் ஏற்றிக் கரை சேர்த்தார்களாம். அவன் தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனானாம். அன்றிலிருந்து அந்த வீட்டு மாப்பிள்ளை அழைப்பில் பையன் தலையில் துரைத் தொப்பி ஏறும். அப்பாதான் வைக்க வேண்டும். அப்பா இல்லையென்றால் அப்பாவோடு பிறந்தவர்.

சுனாமியில் அந்தத் தொப்பி போய்விட்டது. ஆனால் தண்ணீர் வடிந்த சில நாளில் ஆறுமுகம், சேற்றில் கிடைத்தது என்று ஒரு தொப்பியைக் கொண்டுவந்தார். அவர் தம்பி கன்னியப்பன், முள்ளுச் செடியில் சிக்கியிருந்தது என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார். உன்னுது பொய், உன்னுது பொய் என்று ஆரம்பித்த பேச்சு கைகலப்பாகி, ஒரே வீடு இரண்டாகி, அண்ணன் சாவுக்குக்கூடத் தம்பி தெருமுனையில் நின்றுவிட்டுப் போனார்.

"அண்ணே, எம்மவன் சதீசுக்குக் கண்ணாலம்" என்றாள் தேசம்மா. "அவங்கப்பன் இல்ல. சித்தப்பங்காரன் கையால தொப்பி ஏறுனாதான் எம்மனசு ஆறும். அந்தாளு இன்னாடான்னா, உங்க வூட்ல கீறத நான் தொட மாட்டேன்றாரு. அவுரு வூட்டுத் தொப்பிய எம்மவன் வெச்சா, செத்துப்போன மனுசன் பொய்யன்னு ஊரக் கூட்டி ஒத்துகினா மாரி ஆவாதா? நீ வந்து எது நெசம்னு ஒரு வார்த்த சொல்லு. உன் வார்த்தைக்கு ஊரு கட்டுப்படும்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் விழுந்தேன். கட்டுப்படாமல் என்ன செய்யும் என்று தோன்றிவிட்டது. அண்ணாச்சியிடம் ஊதா விளக்கைக் கேட்டேன். எதற்கு, யார் வீட்டுக்கு என்று விசாரித்துவிட்டு, "பாத்துப் பேசுலே" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்.

வலை பின்னும் கொட்டகையில் ஊர் கூடியிருந்தது. வெள்ளைத் துண்டு விரித்து, லென்ஸ், தூரிகை, விளக்கு என்று கடை பரப்பினேன். இரண்டு தொப்பிகளையும் விளிம்பைப் பிடித்து வாங்கி வைத்தேன். ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் மாதிரி கை விரல்களை நீட்டி மடக்கியதாகவும் ஞாபகம். முதலில் மூக்கு. இரண்டிலும் அந்துருண்டை. தலைமுறை தலைமுறையாக எண்ணெய் தடவிய மாப்பிள்ளைத் தலையில் ஏறிய தொப்பியில் எண்ணெய் வாசனை எங்கே போயிற்று என்று ஒரு குழந்தைக்குத் தோன்றியிருக்கும். நிபுணனுக்குத் தோன்றவில்லை.

விளக்குப் பரீட்சைக்கு இருட்டு வேண்டும். படகு மூடும் தார்ப்பாயைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டேன். உள்ளே ஒரு சாட்சி வேண்டும் என்றார்கள். "அந்தாளே போயிப் பாக்கட்டும், அப்பால நான் ஏமாத்திட்டேன்னு சொல்லக்கூடாது" என்றாள் தேசம்மா. கன்னியப்பனும் நானும் தார்ப்பாய்க்குள் மீன்கூடையில் அடைத்த மாதிரி நெருங்கி உட்கார்ந்தோம். விளக்கைப் போட்டேன். தேசம்மா வீட்டுத் தொப்பியின் தையல் நீலமாக மின்னியது. கன்னியப்பன் வீட்டுத் தொப்பி மின்னவே இல்லை.

"உன்னுதுதான் பழசு" என்றேன் காதில். ஜெயித்தவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"நல்லா பாரு மாமு. இன்னொரு தபா பாரு."

"பார்த்துட்டேன். உன்னுதுதான்."

"எப்டி மாமு? அது எப்டி?" என்றார். வெக்கை தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தேன். விஷயத்தை உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் அவ்வளவு கூட்டம் எனக்கு எப்போது கிடைக்கும்? கன்னியப்பன் வீட்டுத் தொப்பியைத் தூக்கிப் பிடித்து, ஃபெல்ட் என்றால் முயல் ரோமம் என்று தொடங்கி, கப்பல் அதிகாரிகளின் தலை வரைக்கும் போனேன். "இதோ, இந்த உப்புக் கறையைப் பாருங்க. இது சும்மா வந்ததில்ல. நடுக்கடல் அலையில..." என்று சொல்லிக்கொண்டே, அளவுக் காகிதத்தைக் காட்டுவதற்காகத் தோல் பட்டையைப் புரட்டினேன்.

உள்ளே பச்சை நைலான் நூலில் என் முடிச்சு.

துரை நைலான் வலை நூலா வைத்திருந்தான்? இது நான் உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, என் கையால் போட்ட முடிச்சு. தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது: மற்றது உண்மையாக இருக்க வேண்டும். அதைப் பிடுங்கிப் புரட்டினேன். அங்கேயும் அதே பச்சை முடிச்சு.

பட்டையை மூடப் போனேன். தேசம்மா கையைப் பிடித்துவிட்டாள். நாள் முழுக்க முடிச்சுப் போடுகிறவளின் கண்ணிலிருந்து அது தப்புமா?

"இன்னாண்ணே இது, வலை முடிச்சு. தொரை எப்ப வலை பின்னக் கத்துகினான்?"

கொட்டகையே சிரித்தது. வேறு நாளாக இருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். "நான் போட்ட முடிச்சும்மா" என்றேன். "ரெண்டும் எங்க கிடங்குத் தொப்பி."

சிரிப்பு நின்றுவிட்டது. கன்னியப்பன் கிட்டே வந்தார்.

"ரெண்டுமா மாமு? அண்ணனுதுமா?"

"ரெண்டும்தான்."

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணனும் வாங்கித்தான் வந்துச்சா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். பிறகு அழுதுகொண்டே சொன்னார். "தொப்பி பூட்ச்சின்னு அம்மா கஞ்சி குடிக்கல. எம்மவனுங்க வூட்ல இனிமே எப்டிடா கண்ணாலம் நடக்கும்னு சொல்லிகினே கெடந்துச்சு. என்னால பாக்க முடியல. ஒண்ண வாங்கியாந்து சேத்துல பொரட்டுனேன். வூட்டுக்கு வந்தா அண்ணன் ஒரு தொப்பியோட நிக்குது. அண்ணன் பொய் சொல்லாது. அப்ப அதுதான் நெசம், நான்தான் டூப்புன்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சிகினே எகிறுனேன். வுட்டுக் குடுத்தா, உன்னுது இன்னாடான்னு கேப்பாங்களே. இத்தினி வருசமா அண்ணிகிட்ட அதத் தொட மாட்டேன்னு சொன்னது எதுக்கு? தொட எனக்கு இன்னா யோக்யத கீது?"

அண்ணனும் தம்பியைப் பற்றி இதையேதான் நினைத்துக்கொண்டு செத்திருக்க வேண்டும். தேசம்மா புருஷன் தொப்பியை எடுத்து மடியில் வைத்து நாலு அடி அடித்தாள்.

"எங்கிட்டகூட சொல்லலியே பாவி. ஒரே பாயில படுத்துகினு ஒரு வார்த்த சொல்லலியே." அடித்த கையாலேயே தடவியும் கொடுத்தாள். கொஞ்சம் பொறுத்துத்தான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. "ஆனா செத்துப்போன மாமியாருக்கு அன்னிக்கே தெரியும்டா கன்னியப்பா. இப்பதான் புரியுது. ரெண்டுத்தையும் வாங்கி மோந்து பாத்துச்சு. ஒண்ணும் பேசல. ரெண்டுத்தையும் மடில வெச்சுகினு, கஞ்சி எடுத்தாங்கன்னுச்சு."

எத்தனையோ வருடம் அண்ணாச்சியிடம் மோந்து பார்க்கக் கற்றுக்கொண்டவன் நான். அந்தம்மாளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

மறுநாள் விளக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "உங்களுக்கு முதல்லயே தெரியுமா அண்ணாச்சி?" என்றேன். சுனாமி சமயத்தில் நான் கிடங்குக்கு வராமல் உறவுக்காரர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். வியாபாரத்தைப் பார்த்தவர் அவர்தான்.

"தெரியாம என்னலே? ரெண்டு பேரும் அடுத்தடுத்து வந்தானுவ. ஒருத்தன் வந்தது அடுத்தவனுக்குத் தெரியாது. ஒருத்தனும் தொப்பியப் பாக்கல்ல. எங்கம்மா நம்புற மாதிரி ஒண்ணு குடுங்கன்னானுவ. ரெண்டு பேரும் அதே வார்த்த. உன் முடிச்சு இருந்தா நல்ல சரக்குன்னுதான அர்த்தம், அதனால முடிச்சு உள்ளதாப் பாத்து எடுத்துக் குடுத்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அம்மைக்காகச் சொன்ன பொய்யி. அத அவுக்க நான் யாருலே? நீதான் முடிச்சுப் போட்டவன், நீயே போய் அவுக்கட்டும்னு விட்டுட்டேன்." சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து, "ரெண்டு டீ" என்றார்.

மாப்பிள்ளை அழைப்புக்கு எனக்கும் அண்ணாச்சிக்கும் முன்வரிசை நாற்காலி. பேண்டு வாத்தியம் நின்றதும் கன்னியப்பன் தாம்பாளத்தில் இரண்டு தொப்பிகளையும் வைத்து எடுத்து வந்தார். சதீஷுக்கு முன்னால் நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னைக் கேட்டார்.

"மாமு, அன்னிக்கு நீ சொல்லி முடிக்கவே இல்ல. இப்ப சொல்லு. இதுல எது மூத்தது?"

தார்ப்பாய்க்குள் அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்தவர் அவர். எது மின்னியது, எது மின்னவில்லை என்று எனக்குத் தெரிந்த அளவு அவருக்கும் தெரியும். என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். தேசம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணனுதுதான் மூத்தது" என்றேன்.

கன்னியப்பன் தலையாட்டினார். தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, அண்ணன் தொப்பியை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பையன் தலையில் வைத்தார். அது குடத்தின் மேல் வைத்த தேங்காய் மாதிரிதான் நின்றது. தன் தொப்பியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அது காதில் வந்து உட்கார்ந்தது. பேண்டு மறுபடி கிளம்பியது. தேசம்மா ஓவென்று அழுதாள்.

நான் பயந்துகொண்டே பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். தையலைப் பார்க்காமலே, ஒரு மூச்சில் இரண்டின் வயதையும் சொல்லிவிடக்கூடியவர் அங்கே உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி ஊர்வலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தப்பாகச் சொன்ன ஒரு தொப்பியின் வயதை அவர் திருத்தாமல் விட்டது அந்த ஒரு முறைதான்.